செப்ரெம்பர் ஓட்டத்துக்கு வாருங்கள்: கனடாத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அம்மாமாரே, அப்பாமாரே, பேரப்பிள்ளைகளைப் பாடசாலை வாசலில் விட்டு மணி அடிக்கும்வரை காத்து நிற்கும் அம்மம்மாமாரே, அப்பப்பாமாரே,

செப்ரெம்பர் பிறந்து இரண்டு மூன்று கிழமைக்குள் உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு கடுதாசி வரும். ரெரி ஃபொக்ஸ் ஓட்டம் நடக்கப்போகிறது, பிள்ளையிடம் ஒரு ரூனி கொடுத்துவிடுங்கள் என்று அதில் இருக்கும். நாங்களும் கொடுத்துவிடுகிறோம். சாப்பாட்டுப் பெட்டியோடு இரண்டு டொலர் குற்றி போகிறது. பின்னேரம் பிள்ளை வியர்த்துக் களைத்து வந்து சட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைக் காட்டுகிறது. அத்தோடு பல வீடுகளில் அந்த வருடத்து ரெரி ஃபொக்ஸ் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே கொஞ்சம் உங்களிடம் கேட்கத்தான் இந்த மடல்.

ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குப் பக்கத்தில் இருக்கும் நகரமண்டபம் உங்களில் பலருக்குப் பழகிய இடம். 1980 யூலையில் அங்கே ஒரு இருபத்தொரு வயதுப் பெடியன் கூடியிருந்த சனத்துக்கு முன்னால் நின்று பேசினான். சுருட்டை முடி, வெயிலில் கறுத்த முகம், அரைக் காற்சட்டை. வலது தொடைக்குக் கீழே உலோகமும் பிளாஸ்ரிக்குமான செயற்கைக் கால். அட்லாண்டிக் கரையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 42 கிலோமீற்றர் ஓடி ஓடி அங்கே வந்து சேர்ந்திருந்தான். அன்றைக்கு நம்மில் அநேகர் கனடா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக்கூடப் பார்த்திருக்கமாட்டோம். நாங்கள் வந்து குடியேறி, கோயில் கட்டி, கடை திறந்து, பிள்ளை பெற்று வளர்த்த இந்த ஊருக்கு எங்களுக்கு முன்னரே ஓடி வந்தவன் அவன். அவனைப் பாடப்புத்தகத்தில் வரும் வேறு யாருடையவோ வீரனாக நினைத்துத் தள்ளி வைக்கவேண்டாம்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும், பெரியவர்களுக்குத்தான் அரைகுறை. ஆகவே சொல்கிறேன். ரெரி ஃபொக்ஸ் 1958இல் வினிப்பெக்கில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்விற்லமில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில், 1977 மார்ச்சில், முழங்காலில் எலும்புப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். முழங்காலுக்கு மேலே பதினைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் காலை எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு அவருடைய பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலை இழந்தும் நியூ யோர்க் மரதனை ஓடி முடித்த டிக் ட்ரோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. ஓடவேண்டும் என்ற எண்ணம் அந்த இரவில்தான் அவர் மனதில் விழுந்தது.

ஆனால் அவரை வீதிக்கு இறக்கியது தன் கால் போன துக்கம் அல்ல. பதினாறு மாதம் கீமோ சிகிச்சைக்குப் போய்வந்த இடத்தில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் வலியில் துடிப்பதையும் சிலர் திரும்பி வராமலே போனதையும் பார்த்தார். இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டார். அவர் பிழைப்பதற்கு ஐம்பது வீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இரண்டு வருடம் முந்தி இதே வருத்தம் வந்திருந்தால் அந்த வாய்ப்பு பதினைந்து வீதமாகத்தான் இருந்திருக்கும். இடையில் வந்து சேர்ந்த அறிவு யாரோ ஒரு ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காகப் பாடுபட்டுக் கண்டுபிடித்தது. அந்த ஆய்வுக்கு யாரோ காசு கொடுத்திருந்தார்கள். தான் உயிரோடிருப்பதற்குக் காரணமான அந்த முகம் தெரியாத கொடைக்குக் கைம்மாறாகத்தான் அவர் ஓட நினைத்தார். 1979 ஒக்ரோபரில் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதினார்.

1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூஃபின்லாந்தின் செயின்ற் ஜோன்ஸ் கரையில் செயற்கைக் காலைக் கடல்நீரில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். கூடவே வந்த வானை ஓட்டியவர் நண்பர் டக் ஓல்வர்ட். முதல் நாட்களில் சூறைக்காற்று, மழை, பனி. வீதியோரம் பார்க்க ஆளில்லை. அந்தத் தீவின் மறுகோடியில் போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அன்றைக்கு ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊர். அவர்கள் பத்தாயிரம் டொலருக்கு மேல் சேர்த்து அவரிடம் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டொலர். பிற்பாடு கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் வேண்டும் என்று அவர் நாடு முழுவதையும் பார்த்துக் கேட்டபோது, அது நடக்கக்கூடிய காரியம்தான் என்று அந்த மீன்பிடி ஊர் ஏற்கெனவே காட்டிவிட்டிருந்தது.

அந்தக் கால் ஓடுவதற்குச் செய்த கால் அல்ல. நடப்பதற்குச் செய்தது. அவர் ஓடும் பழைய படச்சுருளைப் பார்த்தால் தெரியும்: நல்ல கால் இரண்டு தரம் தத்தும், பிறகு செயற்கைக் கால் ஒரு வீச்சில் முன்னுக்கு வரும். தொடை முனை உரசி இரத்தம் கசிந்தது, கட்டிகள் வந்தன. விடியுமுன் எழும்பித் திரும்பவும் ஓடினார். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். செப்ரெம்பர் முதலாம் திகதி தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த பெப்ரவரியில் சேர்ந்த தொகை 2 கோடியே 41 இலட்சம் டொலரைத் தாண்டியது. நாட்டின் சனத்தொகையும் அப்போது அவ்வளவுதான். 1981 யூன் 28ஆம் திகதி, இருபத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்க, அவர் இறந்துபோனார். அந்த செப்ரெம்பர் 13ஆம் திகதியே அவர் பெயரில் முதலாவது ஓட்டம் நடந்தது. மூன்று இலட்சம் பேர் வந்தார்கள். இன்றைக்கு அந்த ஓட்டங்களால் சேர்ந்த தொகை 85 கோடி டொலரைத் தாண்டிவிட்டது.

அந்த ஓட்டத்தின் ஒழுங்குகளைக் கொஞ்சம் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. இவ்வளவு தந்தால்தான் ஓடலாம் என்ற கணக்கு இல்லை. முதலாவதாக வந்தவர், இரண்டாவதாக வந்தவர் என்று ஒருவரும் இல்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் போகலாம், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகலாம், சக்கர நாற்காலியில் வரலாம். ஓடும்போது ரெரிக்கு வானும் எரிபொருளும் சப்பாத்தும் நிறுவனங்கள் கொடுத்து உதவியதுண்டு. என்றாலும் தன் பெயரை எந்தப் பொருளின் விளம்பரத்துக்கும் அவர் கொடுக்கவில்லை, தன் ஓட்டத்தால் யாரும் இலாபம் பார்க்கக்கூடாது என்று நின்றார். அவருடைய அம்மா பெற்றி ஃபொக்ஸ் 2011இல் கண் மூடும்வரை அந்த விருப்பத்தைக் காத்தார்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நம் சனம் கொடுப்பதில் பின்னிற்கும் சனம் அல்ல. வந்த புதிதில் இரண்டு வேலை செய்து, நிலக்கீழ் அறையில் குடியிருந்த காலத்திலேயே ஊருக்குக் காசு அனுப்பியவர்கள் நாங்கள். சுனாமி அடித்தபோது கொடுத்தோம், யுத்தத்தில் கொடுத்தோம், கோபுரத்துக்குக் கொடுக்கிறோம், படித்த பள்ளிக்கூடத்தின் மதிலுக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கிறோம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 இலட்சம் டொலர் சேர்ந்து முடிந்தது 2021இல், எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெருந்தொற்றுக் காலத்தில். ஆனால் நம் கொடையில் பெரும்பகுதி கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய ஒன்றுக்குப் போகிறது. கட்டடம், கட்டில், அம்புலன்ஸ் வண்டி. பெரும்பாலும் அதில் ஒரு கல்லோ பலகையோ இருக்கும், அதில் நம் அம்மா அப்பாவின் பெயர் இருக்கும். அது பிழை என்று நான் சொல்லவில்லை. பெற்றோரின் பெயரை ஒரு நல்ல காரியத்தில் பார்க்க ஆசைப்படாத பிள்ளை யார்?

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசு அப்படியில்லை. அது ஒரு இளம் ஆய்வாளரின் சம்பளமாகப் போகும். ஒரு குளிரூட்டியில் வைத்த இரத்த மாதிரியாகப் போகும். ஐந்து வருடம் பாடுபட்டு, இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதி முடிக்கும் ஒரு அறிக்கையாகவும் போகும். அந்த அறிக்கையும் தேவை. அதைப் படித்தவர் அந்த வழியில் மறுபடி போய்க் காலத்தை வீணாக்கமாட்டார். கொடுத்தவர் பெயரைப் பொறிக்க அங்கே கல் இல்லை. பலன் வரும்போது கொடுத்தவர் இருப்பாரோ இல்லையோ. இந்தக் கொடைக்கு வேறுவிதமான மனம் வேண்டும். அந்த மனம் நமக்கு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தயிருக்கும் கருவேப்பிலைப் பொட்டலத்துக்கும் பக்கத்தில், அப்பப்பாவின் இன்சுலின் பேனை இருக்கும். நீரிழிவு எட்டிப்பார்க்காத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அந்த இன்சுலினை 1921இல் கண்டெடுத்தது இதே ரொறன்ரோவில்தான். பான்ரிங், பெஸ்ற், மக்லியோட், கொலிப் என்ற நால்வரின் உழைப்பு அது. 1922 யனவரியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில், லெனர்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் அதை ஏற்றினார்கள். அதற்கு முந்திய வருடத்தில் அந்த வருத்தம் வந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பட்டினிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் காப்புரிமையை ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்குச் செலவழித்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து அப்பப்பா ஒருவர் நூறு வருடம் கழித்து அதனால் உயிர் வாழ்வார் என்று தெரிந்திருக்க முடியாது.

ஊரில் இவ்வளவு தேவை இருக்கும்போது பணக்கார நாட்டு ஆய்வுகூடத்துக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்ற கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வன்னியில் ஒரு தாய் பஸ் காசுக்கு வழியில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடுகிறாள் என்றால் அவளுக்கு இன்றைக்கே உதவவேண்டும். அதை நிறுத்துங்கள் என்று நான் ஒருக்காலும் கேட்கமாட்டேன். 2011 யூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் நடந்து பணம் சேர்த்தார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட. யுத்தம் முடிந்து இரண்டே வருடத்தில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் நடந்த நடை அது. அப்படியான நடைகள் இன்னும் வரவேண்டும்.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் வைத்தியர் கையில் எடுக்கும் மருந்தும் கருவியும் எங்கேயோ ஒரு இடத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவேண்டும். 1951 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில், உலகிலேயே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு கோபால்ட் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் சஸ்கற்றூனிலும் தொடங்கினார்கள். அந்த 1950களிலேயே கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் இயந்திரம் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, சாந்தா அம்மையார் தன் வாழ்நாளைக் கொடுத்து வளர்த்த அதே நிலையம். யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியும் படுக்கையுமாய் அடையாறுக்குப் போய்வந்த உறவினர் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இலங்கையில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலும் கோபால்ட் இயந்திரங்கள் பல்லாண்டு வேலை செய்தன. இங்கே கிடைத்த அறிவு கடல் கடந்து அங்கே நம் சனத்தின் உடம்பைத் தொட்டிருக்கிறது.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வளவு காசு சேர்ந்தும் ரெரியைக் கொன்ற அதே எலும்புப் புற்றுநோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இன்றைக்கு அந்த வருத்தம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காலை வெட்டாமல் எலும்பை மட்டும் மாற்றிவிட முடிகிறது. பரவுமுன் பிடித்தால் மூன்றில் இரண்டு பங்கினரளவில் பிழைக்கிறார்கள். ஆனால் நுரையீரலுக்குப் போய்விட்டால் நிலைமை இன்றும் மோசம்தான். 1980களுக்குப் பிறகு அந்தக் கணக்கு பெரிதாக அசையவேயில்லை. மறுபக்கம் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பாருங்கள்: 1960களில் பத்தில் ஒரு பிள்ளைகூடத் தப்பாது, இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் தப்புகின்றன. ஒரு வருத்தத்தில் வென்றிருக்கிறோம், இன்னொன்றில் பாதி வழியில் நிற்கிறோம். பாதி வழியில் நிற்கும் இடத்துக்குத்தான் காசும் ஆளும் அதிகம் தேவை.

காசைவிட எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அது அந்த ஸ்ரிக்கர். ‘நான் ஓடுவது இவருக்காக’ என்ற வாசகத்துக்குக் கீழே பெயர் எழுத ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஓட்டநாளில் தொண்டராக நிற்கும் எனக்கு அந்த வெற்றிடங்களை வாசிப்பது பழக்கமாகிவிட்டது. நானா, கிரான்மா, மிஸ் இன்னார் என்று மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். நம் பிள்ளைகளில் பலருடையது வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் ரெரி என்று இருக்கும்.

ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பெடியன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்து, பெரியம்மா என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். மார்க்கர் பேனையை முழுக் கையாலும் பிடித்து, எழுத்து வெளியே போகாமல் மெதுவாக எழுதினான். “பெரியம்மாவுக்குத் தலைமயிர் கொட்டிப்போச்சு. அம்மா எனக்குச் சொல்லேல்லை” என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அவனுடைய அம்மா அந்த ஸ்ரிக்கரைக் கண்டதும் வாயில் கைவைத்தார். பெரியம்மா இந்தியாவுக்குப் போயிருக்கிறா என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாராம். பிறகு அந்த அம்மாவும் மகனுமாய்க் கைகோத்துக்கொண்டு பாடசாலை மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள்.

நாங்கள் ஏன் மறைக்கிறோம் என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம். சனம் கதைக்கும் என்ற கூச்சம். பிள்ளை தாங்காது என்ற பாசம். என் சொந்த மச்சாள் மார்பில் கட்டி கண்டு மாதக்கணக்காக ஒருவருக்கும் சொல்லாமல் திரிந்தவ. சொன்னபோது அது அக்குளுக்குப் போயிருந்தது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் எங்களோடு விமானம் ஏறி இங்கேயும் வந்திருக்கின்றன. வாயில் ஆறாத புண்ணை அப்பப்பா மறைத்தால், அதைக் கண்டு அம்மாவிடம் சொல்லக்கூடியது பேரப்பிள்ளைதான். வீட்டில் கதைக்கப் பழகாத ஒன்றை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

இந்தக் கதைக்காமை ஆராய்ச்சியையும் பாதிக்கிறது. உலகில் சேர்ந்திருக்கும் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது. தெற்காசியர் குறைவு. ரெரி ஃபொக்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னெடுப்பில் நாட்டின் புற்றுநோய் நிலையங்கள் தங்கள் தரவுகளை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பு ஒன்று உருவாகியிருக்கிறது. 2019இல் மத்திய அரசும் அதற்கு 15 கோடி டொலர்வரை ஒதுக்கியது. அதில் நம் உடம்பின் கணக்கும் இருக்கவேண்டும் என்றால், சிகிச்சைக்குப் போகும் நம்மவர்கள் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்கப்படும்போது பயந்து தலையாட்டி மறுக்காமல், என்ன ஏது என்று கேட்கவேண்டும். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விளங்கிய பின் சேர்வதும் விடுவதும் உங்கள் உரிமை.

ஆகவே இந்த செப்ரெம்பரில் பிள்ளையிடம் ரூனியைக் கொடுக்கும் அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் இருத்தி, நம் குடும்பத்தில் யாருக்கு இந்த வருத்தம் வந்தது, யார் தப்பினார்கள், யார் போனார்கள் என்று பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள். அந்த வெற்றிடத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று பிள்ளையே முடிவுசெய்யட்டும்.

பாடசாலை ஓட்டத்தோடு நிறுத்தவும் வேண்டாம். செப்ரெம்பர் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாடெங்கும் ஊர்தோறும் பொது ஓட்டம் நடக்கும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்டன், மிசிசாகா, எங்கே இருந்தாலும் வீட்டுக்குக் கிட்ட ஒன்று இருக்கும். பாடசாலை அலுவலகத்தில் கேட்டாலே இடம் சொல்வார்கள். அந்தக் காலையில் நம் முகங்கள் இன்னும் அதிகமாகத் தெரியவேண்டும். கோயில் திருவிழாவுக்கும் தேர் இழுக்கவும் மூன்று தலைமுறையாய் வருகிறோமே, அப்படி வாருங்கள். சேலையோடு வந்தாலும் சரி, முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சத் தூரம் நடந்து மரநிழலில் இருந்தாலும் சரி. தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் முதல்நாள் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். ஊர்ச்சங்கக்காரர், பழைய மாணவர் சங்கக்காரர் தங்கள் பதாகையை வீட்டில் வைத்துவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, வசதியான சப்பாத்து. செப்ரெம்பர் காலை குளிரும், பிள்ளைக்கு ஒரு மேற்சட்டை கொண்டுவாருங்கள். மழை பெய்தாலும் ஓட்டம் நடக்கும். கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள், கொடுக்க முடியாத வருடம் என்றால் வெறுங்கையோடு வந்து நடவுங்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெயர்ப் பதிவு மேசையில் தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றால் என்னைப் போன்ற தொண்டர்கள் நிற்போம். தொண்டர்களும் எங்களுக்குப் போதாது. உயர்தரப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்குச் சமூகசேவை மணித்தியாலங்கள் தேவைதானே, அவர்களை விடிய ஏழு மணிக்கே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் ஓட்டநாள் தொண்டர்